மூன்றாம் நாள் வந்த வயிற்றுப்போக்கு

இது ஒரு தாயின் கதை. கதைதான். ஆனால் நம் நாட்டின் எந்த ஊரிலும் நடக்கக் கூடிய கதை.

ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனை. அங்கே குழந்தைகள் வார்டு. ஜன்னல் ஓரக் கட்டிலில் எட்டு மாதப் பெண் குழந்தை படுத்திருக்கிறது. நிமோனியாக் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். மூச்சு இரைத்தது. நெஞ்சு உள்வாங்கியது. ஊசி மருந்து போட்டார்கள்.

இரண்டு நாள் போயிற்று. காய்ச்சல் இறங்கியது. இரைப்பு குறைந்தது. குழந்தை தாயைப் பார்த்துச் சிரித்தது. "இன்னும் இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். தாய்க்கு உயிர் வந்தது போல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை. குழந்தை தண்ணீர் போல மலம் கழித்தது. ஒரு முறை, இரண்டு முறை. நண்பகலுக்குள் ஐந்து முறை ஆயிற்று. குழந்தையின் முகம் வாடியது. உதடு காய்ந்தது.

"வந்தபோது வயிறு நன்றாகத்தானே இருந்தது! இங்கே வந்து இது எப்படி வந்தது?" என்று தாய் பதறினாள்.

"பல் முளைக்கிறது. அதுதான் பேதி. தண்ணீர் கொடுக்காதே. இன்னும் அதிகமாகப் போகும்" என்றார் மாமியார்.

பல் முளைப்பதால் வயிற்றுப்போக்கு வருமா? தண்ணீரை நிறுத்தலாமா? நோயைத் தீர்க்க வந்த இடத்தில் புதிய நோய் எப்படி வந்தது? நாம் தெரிந்து கொள்வோம்.

வயிற்றுப்போக்கு என்பது எது?

ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராக மலம் போனால் அது வயிற்றுப்போக்கு. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தை ஒரு நாளில் பல முறை இளக்கமாகப் போகும். குழந்தை நன்றாகப் பால் குடிக்கும். எடையும் கூடும். அது நோய் அல்ல. வழக்கத்தை விட அதிக முறை, வழக்கத்தை விட அதிகத் தண்ணீராகப் போனால்தான் கவலை.

பல் முளைப்பதால் பேதி வருவதில்லை. பல் முளைக்கும் வயதில் குழந்தை தவழும். கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும். கிருமி அப்படித்தான் உள்ளே போகிறது. பழி மட்டும் பல்லின் மேல் விழுகிறது.

வீட்டில் வந்ததா? மருத்துவமனையில் வந்ததா?

கிருமி உடம்புக்குள் போன உடனே நோய் தெரியாது. சில மணி நேரம் ஆகலாம். சில நாள் ஆகலாம். ஆகவே மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே பேதி தொடங்கினால், கிருமி பெரும்பாலும் வெளியிலிருந்து வந்திருக்கும்.

சேர்ந்து 48 மணி நேரம், அதாவது இரண்டு முழு நாள் கழித்துத் தொடங்கினால், அது மருத்துவமனையில் தொற்றியது என்று டாக்டர்கள் எடுத்துக் கொள்வார்கள். சில இடங்களில் வயிற்றுப்போக்குக்கு 72 மணி நேரம் என்றும் கணக்கு வைப்பார்கள்.

நம் கதையில் வரும் குழந்தைக்கு மூன்றாம் நாள் தொடங்கியது. இரண்டு முழு நாள் கடந்து விட்டது. வீட்டிலிருந்து வந்த கிருமியாகவும் இருக்கலாம். ஆனால் மருத்துவமனையில்தான் தொற்றியிருக்க வேண்டும் என்ற சந்தேகமே வலுக்கிறது.

மருத்துவமனையில் ஏன் எளிதாகத் தொற்றுகிறது? காரணங்கள் பல.

நோயுற்ற பல குழந்தைகள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். கட்டில்கள் நெருக்கமாக இருக்கின்றன. சில நாட்களில் ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள்கூடப் படுக்க நேர்கிறது. பலரின் கைகள் ஒரே குழந்தையைத் தொடுகின்றன. ஒரே கைகள் பல குழந்தைகளையும் தொடுகின்றன. நோயாளிக் குழந்தையின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைவு. சத்துக் குறைவான குழந்தைக்கு இன்னும் குறைவு.

கிருமிகள் யார் யார்?

கிருமிகளைக் கண்ணால் பார்க்க முடியாது. நுண்ணோக்கி என்னும் கருவி வழியாகத்தான் பார்க்கலாம். கிருமிகளில் பாக்டீரியா ஒரு வகை. வைரஸ் இன்னொரு வகை. இந்தப் பாடத்தில் பாக்டீரியாக்களைப் பற்றி முக்கியமாகப் பார்ப்போம்.

1. ஈ. கோலை. 1885ஆம் ஆண்டில் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். குழந்தைகளின் மலத்தைச் சோதித்தபோது இது தெரிந்தது. இந்த இனத்தில் பெரும்பாலானவை சாதுவானவை. நம் எல்லோர் குடலிலும் இருக்கின்றன. சில வகைகள் மட்டும் பொல்லாதவை. அவற்றுள் ஒன்று கைக்குழந்தையின் குடல் சுவரில் ஒட்டிக் கொள்கிறது. சுவரைச் சேதப்படுத்துகிறது. உடம்பின் நீர் வெளியே போகிறது. 1940களில் இங்கிலாந்தில் குழந்தைகள் வார்டுகளில் இந்த நோய் பரவியது. பல கைக்குழந்தைகள் இறந்தார்கள். 1945ஆம் ஆண்டில் ஜான் பிரே என்ற மருத்துவர் லண்டன் பகுதியில் நோயுற்ற குழந்தைகளைச் சோதித்தார். காரணம் ஈ. கோலையின் ஒரு வகைதான் என்று எடுத்துக் காட்டினார். பணக்கார நாட்டு மருத்துவமனைகளும் இந்தத் துன்பத்தைப் பட்டிருக்கின்றன.

2. சால்மோனெல்லா. கெட்டுப் போன பால், முட்டை, இறைச்சி வழியாக வரும். மருத்துவமனையில் கை வழியாகவும், சரியாகக் கழுவாத கருவிகள் வழியாகவும் பரவும். காய்ந்த இடத்திலும் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். பேதி நின்ற பிறகும் சிறு குழந்தையின் மலத்தில் சில வாரம் வரை வந்து கொண்டே இருக்கும். குழந்தை நலமாகத் தெரியும். ஆனால் கிருமி வெளியே வரும். ஆகவே பேதி நின்ற பிறகும் கை கழுவுவதை நிறுத்தக் கூடாது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத சால்மோனெல்லா வகைகள் நம் நாட்டு மருத்துவமனைகளிலும் குழந்தைகளிடையே பரவியிருக்கின்றன.

3. ஷிகெல்லா. இது சீதபேதிக் கிருமி. 1897ஆம் ஆண்டில் ஜப்பானைச் சேர்ந்த ஷிகா என்பவர் இதைக் கண்டுபிடித்தார். மலத்தில் இரத்தமும் சளியும் வரும். காய்ச்சல் வரும். வயிறு முறுக்கும். மற்றக் கிருமிகளில் பல, ஆயிரக் கணக்கில் சேர்ந்தால்தான் நோய் தரும். ஷிகெல்லா பத்து முதல் நூறு வரை உள்ளே போனாலே போதும். ஒரு விரல் நுனி அழுக்கில் அதைவிட அதிகம் இருக்கலாம்.

4. சி. டிஃபிசில். இது விதை போன்ற ஒரு கூட்டுக்குள் ஒளிந்து கொள்ளும். அந்த நிலையில் மாதக் கணக்கில் கிடக்கும். கைக்குத் தடவும் ஆல்கஹால் மருந்துக்கும் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து அகற்றும். ஒரு வயதுக்கு உட்பட்ட பல குழந்தைகளின் குடலில் இது தீங்கு செய்யாமலே இருக்கும். நீண்ட நாள் மருந்து சாப்பிட்ட பெரிய குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதனால் கடும் பேதி வரலாம்.

வைரஸ்களையும் மறந்து விடக் கூடாது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸ் பெரிய காரணம். அதுவும் வார்டுக்குள் பரவும். அதைத் தடுக்கச் சொட்டு மருந்து இருக்கிறது. 2016ஆம் ஆண்டு முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். பிறந்து 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

கிருமி எந்த வழியில் வந்தது?

இப்போது நம் கதைக்கு வருவோம்.

அடுத்த கட்டிலில் ஒரு வயதுப் பையன். பேதியோடு சேர்த்திருந்தார்கள். அவன் தாய் இரவெல்லாம் தூங்கவில்லை. களைத்துப் போயிருந்தாள்.

"அக்கா, நீங்கள் கொஞ்சம் படுங்கள். நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று நம் தாய் சொன்னாள். பையன் மலம் கழித்தான். அவள் துடைத்தாள். துணியை அலசிப் போட்டாள்.

அந்த நேரத்தில் அவள் குழந்தை அழுதது. ஓடி வந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. சோப்பும் இல்லை. கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். பால் புட்டியின் ரப்பரைக் கையால் மாட்டினாள். குழந்தைக்குக் கொடுத்தாள்.

அவள் செய்தது நல்ல உதவி. அந்த உதவியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கை கழுவாத அந்த ஒரு நிமிடத்தில் கிருமி ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் போயிருக்கலாம்.

அவள் கை மட்டும்தானா? இல்லை. நர்ஸ் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டு விட்டு அடுத்த குழந்தையிடம் போகிறார். டாக்டர் ஒவ்வொரு வயிறாக அழுத்திப் பார்க்கிறார். ஆயா மலத் தட்டை எடுக்கிறார். பிறகு கட்டிலைப் பிடிக்கிறார். பார்க்க வந்த உறவினர் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறார். ஒவ்வொரு கையும் ஒரு வண்டி. கிருமி அதில் டிக்கெட் வாங்காமல் பயணம் செய்கிறது.

புட்டியில் நடப்பது என்ன?

புட்டியின் ரப்பரிலும் கழுத்திலும் பால் ஒட்டிக் கொள்ளும். விரல் அங்கே போகாது. கிருமி அங்கே தங்கும். பால் அதற்கு நல்ல உணவு. சூடான நாளில் ஈ. கோலை போன்ற கிருமி 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகப் பெருக முடியும். கணக்குப் பார்ப்போம்.

தொடக்கத்தில் - 1
1 மணி நேரத்தில் - 8
2 மணி நேரத்தில் - 64
3 மணி நேரத்தில் - 512
4 மணி நேரத்தில் - 4096

காலையில் கலந்த பாலை மத்தியானம் கொடுத்தால் குழந்தை எதைக் குடிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

தாய்ப்பாலில் இந்த ஆபத்து இல்லை. அது நேராகக் குழந்தையின் வாய்க்குப் போகிறது. கிருமியை எதிர்க்கும் சக்தியும் அதில் உண்டு. குழந்தையால் உறிஞ்ச முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் அல்லது கிண்ணம், கரண்டியால் கொடுக்கலாம். அவற்றைத் தேய்த்துக் கழுவுவது எளிது. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பால் புட்டிக்கும் குழந்தைகளுக்கான மாற்றுப் பாலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. 2003ஆம் ஆண்டில் அதை மேலும் கடுமையாக்கினார்கள்.

மருந்தாலும் பேதி வருமா?

வரலாம். நம் குடலில் நல்ல கிருமிகள் கோடிக் கணக்கில் இருக்கின்றன. அவை வயலில் நிற்கும் பயிர் போல. பயிர் அடர்ந்து நின்றால் களைக்கு இடம் இல்லை. ஆன்டிபயாடிக் என்னும் கிருமிக் கொல்லி மருந்து கெட்ட கிருமியைக் கொல்லும். கூடவே நல்ல கிருமியையும் கொல்லும். பயிர் போன இடத்தில் களை முளைக்கும். அப்போது பேதி வரும்.

நம் குழந்தைக்கு நிமோனியாவுக்காக அந்த மருந்துதான் கொடுத்தார்கள். அது தேவையான மருந்து. அது இல்லாவிட்டால் குழந்தை பிழைத்திருக்காது. ஆகவே தாய் தானாக மருந்தை நிறுத்தக் கூடாது. "மருந்தால் பேதி வந்திருக்குமா?" என்று டாக்டரிடம் கேட்கலாம்.

ஆனால் தேவை இல்லாத போது இந்த மருந்தை நாமே கடையில் வாங்கிக் கொடுப்பது தவறு. தண்ணீராகப் போகும் பெரும்பாலான பேதிக்கு இந்த மருந்து தேவை இல்லை. வைரஸை இது கொல்லவே கொல்லாது. இரத்தபேதிக்கும் காலராவுக்கும், வேறு சில நிலைகளுக்கும் டாக்டர் பார்த்துக் கொடுப்பார். கண்டபடி சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகி விடும். பிறகு உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது.

கை கழுவச் சொன்ன மருத்துவர்

கை கழுவுவது சின்ன விஷயம் போலத் தெரிகிறது. அதைச் சொன்னதற்காக ஒரு மருத்துவர் ஏளனம் பட்டிருக்கிறார்.

அவர் பெயர் செம்மல்வைஸ். 1847ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்தார். அங்கே பிரசவித்த தாய்மார் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மருத்துவர்கள் பிணங்களை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வருவதை அவர் கவனித்தார். "குளோரின் கலந்த நீரில் கை கழுவி விட்டு வாருங்கள்" என்று கட்டாயப்படுத்தினார்.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நூறு தாய்மாரில் 18 பேர் இறந்தார்கள். மே மாதம் கை கழுவத் தொடங்கினார்கள். ஜூன் மாதத்தில் நூற்றுக்கு 2 பேர் அளவுக்கு இறப்பு குறைந்தது.

ஆனாலும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. "எங்கள் கை அழுக்கா?" என்று கோபப்பட்டார்கள். கிருமியைப் பற்றி அப்போது உலகத்துக்குத் தெரியாது. அவர் 1865ஆம் ஆண்டில் இறந்தார். பின்னால்தான் அவர் சொன்னது சரி என்று உலகம் ஒப்புக் கொண்டது.

அது வேறு நோய். ஆனால் பாடம் ஒன்றுதான். குணமாக்கும் கையே நோயையும் கொண்டு வரலாம். கழுவிய கை அதைத் தடுக்கும்.

வங்காளத்தில் நடந்தது

பேதி வந்து விட்டால் என்ன செய்வது? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இது நம் நாட்டில் நடந்தது.

1971ஆம் ஆண்டு. வங்காள தேச விடுதலைப் போர் நடந்தது. இலட்சக் கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. எல்லைக்கு அருகில் உள்ள பன்காவ் என்ற ஊரில் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் தீர்ந்து கொண்டிருந்தன.

திலீப் மகலநபிஸ் என்ற மருத்துவர் அங்கே இருந்தார். அவரும் அவர் குழுவினரும் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் அளந்து தண்ணீரில் கலந்தார்கள். பெரிய பீப்பாய்களில் நிரப்பி வைத்தார்கள். நோயாளியின் உறவினரே குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். முன்பு நூறு பேரில் சுமார் 30 பேர் இறந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் என்ன நடக்கிறது? பேதியின் போதும் குடல் சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. சர்க்கரை உப்பையும் கை பிடித்து அழைத்துப் போகிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் உள்ளே போகிறது. வெறும் தண்ணீரை விட இது நன்றாக உடம்பில் சேர்கிறது. இதைத்தான் இன்று ஓ.ஆர்.எஸ். என்கிறோம்.

மகலநபிஸ் 2022ஆம் ஆண்டில் காலமானார். அடுத்த ஆண்டு நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது.

சுவரில் இருந்த எழுத்து

மீண்டும் வார்டுக்குப் போவோம். நர்ஸ் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து விட்டு அவசர வேலையாகப் போய் விட்டார். மாமியார் ஒரு டம்ளர் தண்ணீரில் பாதிப் பொட்டலத்தைக் கொட்டப் போனார்.

தாய் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு நாளாக அது அங்கேதான் இருந்தது. அவள் இரவு வகுப்பில் படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மு-ழு-ப் பொட்-ட-லம். ஒ-ரு லிட்-டர் தண்-ணீர்."

"அத்தை, நில்லுங்கள்! முழுப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் போட வேண்டுமாம். டம்ளரில் போட்டால் உப்பு அதிகமாகி விடும்."

"நீ படித்தாயா?"

"ஆமாம் அத்தை. இதோ பாருங்கள்."

அவள் படித்தது சரி. தண்ணீர் குறைந்தால் உப்பு கூடும். குழந்தைக்கு ஆபத்து. தண்ணீர் கூடினால் பலன் குறையும். அளவு முக்கியம்.

தாய் இந்த முறை சோப்பு கேட்டு வாங்கினாள். கை கழுவினாள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்தாள். கரைத்தாள். ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்தாள். குழந்தை ஒரு முறை வாந்தி எடுத்தது. பத்து நிமிடம் பொறுத்தாள். பிறகு இன்னும் மெதுவாகக் கொடுத்தாள். இடையே தாய்ப்பாலும் கொடுத்தாள். புட்டியை எடுத்து வைத்து விட்டாள்.

மாலையில் குழந்தை சிறுநீர் கழித்தது. தாய் அதைப் பார்த்து அழுதாள். ஈரத் துணி ஒன்று அவளுக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்தது. உடம்பில் நீர் சேர்ந்து விட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

டாக்டர் துத்தநாக மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதை ஜிங்க் மாத்திரை என்றும் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லி கிராம். இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லி கிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். அது குடல் ஆற உதவும்.

ஆறாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

நாம் கேட்கலாமா?

மருத்துவமனையில் கேள்வி கேட்க நமக்குத் தயக்கம். "டாக்டர் கோபிப்பாரோ? நர்ஸ் திட்டுவாரோ?" என்று பயம். பணிவாகக் கேட்பதில் தவறு இல்லை. அது நம் உரிமை.

"சிஸ்டர், கை கழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது?"
"சிஸ்டர், என் குழந்தையைத் தொடும் முன் கை கழுவி விட்டீர்களா?"
"பேதி உள்ள குழந்தையைத் தனி இடத்தில் வைக்க முடியுமா?"

வேலை செய்பவர்களின் சிரமத்தையும் நாம் நினைக்க வேண்டும். ஒரு நர்ஸ் பல குழந்தைகளைப் பார்க்கிறார். குழாயில் தண்ணீர் இல்லாவிட்டால் அவர் மட்டும் என்ன செய்வார்? தாய்க்குக் கை கழுவத் தெரிந்தால் போதாது. தண்ணீரும் சோப்பும் வேண்டும். கழிப்பறை சுத்தமாக வேண்டும். அதைக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

அரசு மருத்துவமனைகளில் நோயாளர் நலச் சங்கம் இருக்கிறது. குறையை அங்கே எழுதிக் கொடுக்கலாம். சுத்தமான அரசு மருத்துவமனைகளுக்குப் பரிசு தரும் காயகல்ப் திட்டத்தை மத்திய அரசு 2015ஆம் ஆண்டில் தொடங்கியது. சுத்தம் கேட்பது கூடுதல் சலுகை கேட்பதாகாது.

நினைவில் வைப்போம்

எப்போது கை கழுவ வேண்டும்?
- குழந்தைக்குப் பாலோ உணவோ மருந்தோ கொடுக்கும் முன்
- மலம் துடைத்த பின், துணி அலசிய பின்
- கழிப்பறை போய் வந்த பின்
- அடுத்த குழந்தையைத் தொட்ட பின்

எப்படிக் கழுவ வேண்டும்?
- சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில்
- உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக் கண் எல்லாம் தேய்த்து
- 40 முதல் 60 நொடி வரை

கரைசல் எவ்வளவு கொடுக்க வேண்டும்?
- இரண்டு வயதுக்குள்: ஒவ்வொரு முறை பேதியான பின்னும் 50 முதல் 100 மில்லி
- இரண்டு வயதுக்கு மேல்: 100 முதல் 200 மில்லி
- கலந்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது
- பொட்டலம் கிடைக்காத போது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

உடனே டாக்டரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்
- கண் குழி விழுதல்
- வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புதல்
- குழந்தை துவண்டு கிடத்தல், குடிக்க முடியாமை
- நீண்ட நேரம் சிறுநீர் கழிக்காமை
- மலத்தில் இரத்தம்
- எதைக் கொடுத்தாலும் வாந்தி

பதில் எழுதுங்கள்

1. ஒரு குழந்தை மருத்துவமனையில் சேர்ந்த நான்காம் நாள் பேதி தொடங்கியது. கிருமி எங்கே தொற்றியிருக்கலாம்?
2. பேதி நின்ற பிறகும் ஏன் கை கழுவ வேண்டும்?
3. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஆறு முறை பேதி ஆயிற்று. ஒவ்வொரு முறையும் தாய் 100 மில்லி கரைசல் கொடுத்தாள். மொத்தம் எவ்வளவு? ஒரு லிட்டரில் மீதி எவ்வளவு?
4. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்: ஒரு முழுப் பொட்டலத்துக்கு ______ லிட்டர் தண்ணீர்.

சேர்ந்து பேசுவோம்

உங்கள் ஊர் மருத்துவமனையில் கை கழுவும் இடம் எங்கே இருக்கிறது? அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா? அடுத்த முறை போகும் போது பாருங்கள். இல்லாவிட்டால் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே!